பழைய பிசி மக்கர் பண்ணினால்: அறிகுறியிலிருந்து எஸ்எம்பிஎஸ், டிஸ்க் வரை

மணலி பக்கம் எடைமேடையில் லாரி எடை பதியும் 486, ராயபுரத்து அச்சக மூலையில் ஓடும் பென்டியம், பாரிமுனையில் ஃபாக்ஸ்புரோவில் கணக்கெழுதி டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்கும் பெட்டி. இவற்றைத் தூக்கிப் போட முடியாததற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு ஐஎஸ்ஏ கார்டோ (பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டு), பேரலல் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிளோதான் (சாஃப்ட்வேரைத் திறக்கும் சாவி) காரணம். புது மெஷினில் இரண்டுக்கும் இடமில்லை. ஆசைக்காகப் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவை அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். "டிஸ்க் போச்சுண்ணே" என்று பெட்டி வந்தால் டிஸ்கைக் கழற்றாதீர்கள், 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். பவர் சப்ளை சரியில்லாத பெட்டியில் புது டிஸ்க் மாட்டினால் அதுவும் அதே மாதிரி மக்கர் பண்ணும். நல்ல டிஸ்கைக் குப்பையில் போட்ட கணக்கும் சேரும்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரீஸ் போர்டு (கரண்ட் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும் பலகை), 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகளில் கேட்டு வாங்கலாம். கெபாசிட்டர், டயோடு, சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) அடாப்டர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெருதான். எல்இடி பல்பு சீரீஸ் போர்டுக்கு ஆகாது. இழை பல்பேதான் வேண்டும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் சேர்ந்து 325 வோல்ட் நிற்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து ஒவ்வொரு கெபாசிட்டரின் இரண்டு காலிலும் 15 விநாடி வையுங்கள். பிறகு மீட்டரில் அளங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை வைக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணித் தீப்பொறி பறக்க விடுகிற பழக்கம் கெபாசிட்டரையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

ஏடி வகைப் பெட்டி (ஏடிஎக்ஸுக்கு முந்தைய பழைய வகை) என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. முன்பக்க ஸ்விட்சுக்குப் போகும் தடித்த வயரில் 230 வோல்ட் நேரடியாக ஓடுகிறது. பிரவுன், நீலம், வெள்ளை, கறுப்பு என்று நான்கு இருக்கும். கழற்றுவதற்கு முன் எந்த வயர் எந்தக் காலில் என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செருகினால் ஸ்விட்ச் போட்டதும் நேரடி ஷார்ட்.

அறிகுறி: ஸ்விட்ச் போட்டால் எதுவுமே இல்லை

ஃபேன்கூட அசையவில்லை என்றால் முதலில் பிளக், பவர் கார்டு. இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கடற்கரை ஓரக் கடைகளில் பவர் கார்டின் உள்முனை பச்சை பிடித்துக் கிடப்பது சாதாரணம். கார்டை மாற்றிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.

உள்ளே கண்ணாடி பியூஸைப் பாருங்கள். கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதானது அல்லது ஒரு முறை வந்த சர்ஜ். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசினாற்போல இருந்தால் உள்ளே ஷார்ட். அப்போது பியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த விநாடி அதுவும் போகும். நான்கு டயோடு உள்ள பிரிட்ஜையும், ஹீட் சிங்கில் திருகிய இரண்டு ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் டயோடு ரேஞ்சில் அளங்கள். 13007 என்ற எண் அங்கே அடிக்கடி கண்ணில் படும். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். பேஸ் பக்கச் சின்ன ரெசிஸ்டர்களும் கூடவே எரிந்திருக்கும், அவற்றையும் அளக்க வேண்டும்.

மாற்றிய பிறகு நேரே பிளக்கில் செருகாமல் சீரீஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகியிருக்கின்றன, நல்லது. மங்காமல் முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, நிறுத்துங்கள்.

பின்பக்கம் 115/230 என்ற சிவப்பு ஸ்லைடு ஸ்விட்சையும் ஒரு தடவை பாருங்கள். சுத்தம் பண்ணும்போது யாராவது 115 பக்கம் தள்ளியிருந்தால், அந்த நிலையில் சர்க்யூட் வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும். நம் ஊர் கரண்டில் இரண்டு கெபாசிட்டரும் வெடித்துவிடும். 230-ல் வைத்து மேலே ஒரு பொட்டு எபாக்சி தடவி அசையாமல் பண்ணிவிடுவது நல்லது.

ஏடிஎக்ஸ் பெட்டியில் பியூஸ் நன்றாக இருந்தும் உயிரில்லை என்றால், ஊதா வயரில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பச்சை வயரைக் கறுப்போடு தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் பிழைத்தது, குறை ஸ்விட்சிலோ போர்டிலோ. ஸ்டாண்ட்பையே இல்லை அல்லது 5.5-க்கு மேல் ஏறி நிற்கிறது என்றால், ஸ்டாண்ட்பை பகுதியில் உள்ள ஒரு சின்ன கெபாசிட்டர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். 10 முதல் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் அளவில் இருக்கும். ஏறி நிற்கும் ஸ்டாண்ட்பையோடு போர்டை இணைத்து ஓட்டாதீர்கள்.

அறிகுறி: ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது

எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். எங்கோ ஒரு லைனில் ஷார்ட், அல்லது லோடே இல்லை.

பழைய ஏடி சப்ளைகளில் பல 5 வோல்ட்டில் ஓரளவு லோடு இல்லாமல் கிளம்பாது. தனியே மேஜையில் வைத்துப் பார்க்கும்போது 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே போடுங்கள். ஒரு ஆம்பியர் இழுக்கும், ரெசிஸ்டர் நன்றாகவே சுடும். பழைய, வேண்டாத ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் சேர்த்து மாட்டினால் 12 வோல்ட்டுக்கும் லோடு கிடைக்கும்.

தனியே ஓடி, போர்டில் மாட்டினால் துடித்து நிற்கிறதா? கார்டுகளை எல்லாம் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சேருங்கள். 1980-களின் போர்டுகளில், கார்டுகளில் சந்தேகப்பட வேண்டியது மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சொட்டு போலத் தொங்கும் டான்டலம் கெபாசிட்டர். ஐபிஎம் எக்ஸ்டி காலத்து போர்டுகளில் 12 வோல்ட் லைனில் 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் போட்டிருப்பார்கள். வயதானதும் அது நேர் ஷார்ட் ஆகும். எல்லா வயரையும் கழற்றி, போர்டின் பவர் கனெக்டரில் 12 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் ஓம் பாருங்கள். ஓரிரண்டு ஓம் காட்டினால் பிடிபட்டுவிட்டது. மைனஸ் 12-க்கும் அதே சோதனை. மாற்றும்போது 25 வோல்ட் ரேட்டிங் போடுங்கள். பிளஸ் கால் எது என்று இரண்டு முறை பாருங்கள், தலைகீழாகப் போட்ட டான்டலம் தீப்பிடிக்கும்.

அறிகுறி: காலையில் மூன்று தடவை ஆஃப் ஆன் பண்ணினால்தான் கிளம்புகிறது

பல கடைகளில் இதை நோய் என்றே நினைப்பதில்லை, "அப்பிடித்தான் கிளம்பும்" என்று பழகிவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் அதிகமாகும். ஒருநாள் கிளம்பவே கிளம்பாது.

காரணம் வற்றிப்போன எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் ஆவியாகும்போது உள்தடை ஏறுகிறது. குளிர்ந்த நிலையில் அது இன்னும் அதிகம், சூடேறினால் குறைகிறது. அதனால்தான் ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது. உறுதிப்படுத்த ஹேர் டிரையரால் எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாக இரண்டு நிமிடம் சூடேற்றிவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். முதல் தட்டிலேயே கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

மாற்ற வேண்டியவை மூன்று இடத்தில் இருக்கும். ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்களின் பேஸ் பக்கம் உள்ள 1 முதல் 4.7 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் இரண்டு. கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில் உள்ள சின்னவை. பிறகு வெளியே போகும் பக்கம்: 5 வோல்ட்டுக்கு 10 வோல்ட் ரேட்டிங்கில் 2200 அல்லது 3300, 12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் ரேட்டிங்கில் 1000 முதல் 2200. வாங்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் 85 டிகிரி எடுத்து நீட்டினால் வேண்டாம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேலே. விட்டமும் கால் இடைவெளியும் முக்கியம். பழைய கெபாசிட்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் தகராறில்லை. தலை உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடுவது வீண் வேலை. எல்லாமே ஒரே நாளில் பிறந்தவை, உப்பாமலே வற்றியவையும் உண்டு.

பென்டியம் 3, அத்லான் காலத்து மதர்போர்டுகளில், கிட்டத்தட்ட 1999 முதல் அடுத்த ஏழெட்டு ஆண்டுகள், மட்டமான எலக்ட்ரோலைட் போட்ட கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புகுந்தன. அந்தப் போர்டுகளில் பிராசசரைச் சுற்றி நிற்கும் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: வெடிச் சத்தம், கெட்ட புகை, ஆனாலும் மெஷின் ஓடுகிறது

பயமாக இருக்கும், ஆனால் விஷயம் சின்னது. மெயின்ஸ் நுழையும் இடத்தில் உள்ள எக்ஸ் கெபாசிட்டர் போயிருக்கிறது. பழைய சப்ளைகளில் காகிதத்தில் உலோகம் பூசிய, வெளியே தேன் நிற ஒளிபுகும் பூச்சுள்ள ரிஃபா வகை இருக்கும். பூச்சில் முடி போல விரிசல் விட்டு, வழியே ஈரம் ஏறி, ஒருநாள் வெடிக்கும். 1984-ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவுக்கு இது பேர்போன வியாதி. அப்படி ஒரு மெஷின் கையில் கிடைத்தால் ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். காசிமேட்டுக் காற்றின் ஈரத்தில் அது உங்களுக்காகக் காத்திருக்கிறது.

மாற்றாக எக்ஸ்2 என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏசி ஃபிலிம் வகை, அதே மைக்ரோஃபாரட். மெயின்ஸிலிருந்து எர்த்துக்குப் போகும் சின்னவற்றுக்கு ஒய்2 வகை மட்டும். சாதாரண 400 வோல்ட் கெபாசிட்டரை அந்த இடத்தில் போடக்கூடாது. அது ஷார்ட் ஆனால் கேபினெட் முழுக்க கரண்ட்.

அறிகுறி: கேபினெட்டைத் தொட்டால் சுரீர், பிரிண்டர் போர்ட் அடிக்கடி போகிறது

ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது. அப்போது மேலே சொன்ன ஒய் கெபாசிட்டர்கள் இரண்டும் சேர்ந்து கேபினெட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க வைக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் வேறு பிளக்கில் இருக்கும் பிரிண்டரையோ எடைமேடை இண்டிகேட்டரையோ கேபிளால் இணைக்கிற நொடியில், அது அத்தனையும் சீரியல் போர்ட்டின் 1488, 1489 ஐசிகள் வழியாகப் பாயும். ஐசியை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். அதுவரை எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகி, கேபிளை மாட்டிய பிறகே ஸ்விட்ச் போடுங்கள்.

அறிகுறி: பக்கத்து மோட்டார் கிளம்பினால் ரீபூட், இன்வெர்ட்டரில் நிற்பதே இல்லை

வற்றிய பெரிய கெபாசிட்டர்கள்தான் முதல் சந்தேகம். நல்ல நிலையில் உள்ள சப்ளை கரண்ட் ஒரு கண்சிமிட்டும் நேரம் போனாலும் தாங்கும். 200 வோல்ட் ரேட்டிங் உள்ள அந்த ஜோடியை மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு. எஸ்எம்பிஎஸ் சராசரியைப் பார்ப்பதில்லை, அலையின் உச்சத்தைப் பிடித்து கெபாசிட்டரை நிரப்புகிறது. ஈபி கரண்டில் உச்சம் 325 வோல்ட். சதுர அலை இன்வெர்ட்டர் 230 என்று காட்டினாலும் அதன் உச்சமும் 230-ஐ ஒட்டியே இருக்கும். கெபாசிட்டரில் கையிருப்பு பாதியாகிவிடும். சைன் அலை யுபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

அறிகுறி: ஃபேன் ஓடுகிறது, ஸ்கிரீனில் எதுவும் இல்லை

ஏடி பெட்டியில் யாராவது சமீபத்தில் கை வைத்தார்களா என்று கேளுங்கள். போர்டுக்குப் போகும் பி8, பி9 இரண்டு கனெக்டரும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றியும் செருக முடியும். நான்கு கறுப்பு வயரும் நடுவில் பக்கத்துப் பக்கமாக வர வேண்டும். மாற்றிச் செருகி ஓட்டியிருந்தால் போர்டு தப்பியது அதிர்ஷ்டம்.

சரியாக இருந்தால் அளக்கத் தொடங்குங்கள். லோடோடு, மெஷின் ஓடும்போது, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து: சிவப்பு 4.75 முதல் 5.25. மஞ்சள் 11.4 முதல் 12.6. நீலம் மைனஸ் 10.8 முதல் 13.2. பி8-ன் முதல் கால், பெரும்பாலும் ஆரஞ்சு, பவர் குட்: 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அது எழாவிட்டால் பிராசசர் ரீசெட்டிலேயே உட்கார்ந்திருக்கும், மற்ற வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தாலும். 4.6 வோல்ட்டில் ஓடும் போர்டு சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது.

மீட்டரில் 5.02 என்று அழகாகக் காட்டியும் மெஷின் தொங்கினால், அலையலையாக வரும் ரிப்பிள் காரணமாக இருக்கலாம். 5 வோல்ட்டில் உச்சத்துக்கு உச்சம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது. ஆசிலோஸ்கோப் இல்லையென்றால் நல்ல சப்ளை ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஐடிஇ கேபிள் (டிஸ்கை போர்டோடு இணைக்கும் பட்டை கேபிள்) திருப்பிச் செருகப்பட்டிருந்தாலும் ஸ்கிரீன் வராமல் போகும். ஒன்றாம் காலில் போகும் ரீசெட் லைன், மறுமுனையில் கிரவுண்டில் போய் உட்கார்ந்துவிடும். ஹார்ட் டிஸ்க் எல்இடி அணையாமல் எரிகிறதா பாருங்கள். சிவப்புக் கோடு ஒன்றாம் கால் பக்கம் வர வேண்டும்.

அறிகுறி: தேதி 1980-க்குப் போகிறது, டிஸ்க் இல்லை என்கிறது

"டிஸ்க் போச்சு" என்று வருவதில் இன்னொரு பெரிய பங்கு இது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் (மெஷினைக் கிளப்பும் போர்டு நிரல்) தன் டிஸ்க் கணக்கை மறந்துவிட்டது, டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. டிஸ்கின் மேல் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டர் மூன்று எண்ணும் அச்சிட்டிருக்கும். செட்டப்பில் டைப் 47 (நாமே எண் கொடுக்கும் வகை) எடுத்து அவற்றைப் போடுங்கள், பூட் ஆகும்.

பிறகு பேட்டரியைக் கவனியுங்கள். 386, 486 போர்டுகளில் கீபோர்டு கனெக்டர் பக்கம் நீல அல்லது பச்சைப் பீப்பாய் போல 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் இருக்கும். அதை இன்றே வெட்டி எடுங்கள், மெஷின் நன்றாக ஓடினாலும். டார்ச் அடித்துப் பார்த்தால் பேட்டரிக் காலிலிருந்து பச்சைப் பாசி போல ஒன்று ஊர்ந்து, போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் நுழைந்து, தாமிரத் தடங்களைக் கறுப்பாக்கியிருக்கும். முதலில் சாகிறது கீபோர்டு பகுதிதான். "கீபோர்டு எர்ரர்" என்று வந்து, நான்கு கீபோர்டு மாற்றியும் தீராத பெட்டிகளில் இங்கே பாருங்கள்.

கசிந்தது காரம். அதனால் வெள்ளை வினிகரைப் பழைய டூத் பிரஷில் தொட்டுத் தேய்த்து, நுரைப்பது நின்றதும் பேட்டரி தண்ணியில், அதாவது டிஸ்டில்டு வாட்டரில், கழுவி, கடைசியாக ஐசோப்ரொப்பைலில் துடைத்து ஒருநாள் நிழலில் காய விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கறுத்த தடங்களை மீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்ததை 30 கேஜ் மெல்லிய வயரால் இணைக்க வேண்டும்.

மாற்றாக சிஆர்2032 போடலாம், ஆனால் நேரடியாகக் கூடாது. போர்டு பழைய பேட்டரியைச் சார்ஜ் பண்ணும், சிஆர்2032-ஐ சார்ஜ் பண்ணினால் உப்பும், வெடிக்கவும் செய்யும். 1என்4148 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை போர்டைப் பார்க்கும்படி தொடரில் சேருங்கள். போர்டில் நான்கு கால் வெளி பேட்டரி ஹெட்டர் இருந்தால் அது இன்னும் வசதி. ஜம்பரை வெளி பேட்டரிக்கு மாற்றி, மூன்று பென்டார்ச் செல் ஹோல்டரை கேபினெட்டின் அடியில் ஒட்டுங்கள். செல் கசிந்தாலும் போர்டு தப்பிக்கும்.

பேட்டரியே காணோம், டாலஸ் என்று எழுதிய கறுப்புக் கட்டி ஒன்று இருக்கிறது என்றால் பேட்டரி அதற்குள் இருக்கிறது. டிஎஸ்12887 புதிதாக வாங்கிப் போடலாம். பழைய சரக்கைப் புதிதென்று விற்பதும் நடப்பதால் தேதிக் குறியைப் பாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் சிறு அரத்தால் சுரண்டி, 16, 20 ஆகிய கால்களின் மேல்பகுதியைத் திறந்து, உள் பேட்டரியின் இணைப்பை வெட்டிவிட்டு, வெளியே ஒரு சிஆர்2032 ஹோல்டரைச் சேர்க்கலாம். 20 பிளஸ், 16 மைனஸ்.

அறிகுறி: டிஸ்க் கிளிக் கிளிக் என்கிறது அல்லது சுற்றவே இல்லை

கிளிக் சத்தம் கேட்டதும் தலை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சுற்றத் தொடங்கும்போது மோட்டார் 12 வோல்ட்டில் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் இழுக்கும். சப்ளை அங்கே சரிந்தால் டிஸ்க் வேகம் பிடிக்காமல் திரும்பத் திரும்ப முயலும், அந்தச் சத்தமும் கிளிக்தான். டிஸ்குக்கு மட்டும் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பவர் கொடுத்து, அதை முதலில் ஆன் பண்ணி, பிறகு மெஷினை ஆன் பண்ணுங்கள். சத்தம் நின்றால் டிஸ்க் பிழைத்தது.

சுற்றவே இல்லை, மெல்லிய உறுமல் மட்டும் என்றால் தலை, உள்ளே சுற்றும் தட்டான பிளேட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்கைக் கையில் தட்டையாகப் பிடித்து, சாவி திருப்புவது போல அதன் அச்சில் வெடுக்கென்று ஒரு திருப்பு. தட்டுவது, மேஜையில் இடிப்பது எல்லாம் வேண்டாம். பழைய குவாண்டம் புரோடிரைவ்களில் தலை வந்து நிற்கும் இடத்தில் உள்ள ரப்பர் உருகிப் பிசின் ஆகிவிடும். அங்கே தட்டும் திருப்பும் உதவாது.

ஒருமுறை சுற்றிவிட்டால் அணைக்காதீர்கள். அடுத்த தடவை சுற்றும் என்று எந்த உறுதியும் இல்லை. அந்த ஓட்டத்திலேயே முழு இமேஜ், அதாவது டிஸ்கின் அப்படியே நகல், எடுத்துவிட வேண்டும். ஸ்கேன்டிஸ்க் ஓட்டாதீர்கள், அது சாகிற டிஸ்கில் எழுதும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நிரலை மேப் கோப்போடு ஓட்டுங்கள். முதல் சுற்றில் படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லி நல்ல பகுதியை எல்லாம் அள்ளுங்கள், பிறகு அடம் பிடிக்கும் இடங்களுக்கு மூன்று முயற்சி. டிஸ்க் மேல் ஒரு ஃபேன் ஓடட்டும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது யுஎஸ்பி அடாப்டரில். 500 எம்பிக்குக் கீழான பழைய டிஸ்குகள் பலவற்றுக்கு எல்பிஏ (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் கூப்பிடும் முறை) தெரியாது, யுஎஸ்பி அடாப்டர் எல்பிஏவில் மட்டுமே பேசும். டிஸ்க் செத்தது போலத் தோன்றும். சொந்த ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் 3 பெட்டி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், லினக்ஸ் சிடியில் பூட் பண்ணி வேலை முடிக்கலாம்.

அறிகுறி: புதிதாகப் போட்ட சிஎஃப் கார்டு தெரியவில்லை, தெரிந்தாலும் பூட் ஆகவில்லை

ஐடிஇ டிஸ்குக்கு மாற்றாகக் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுதான் எங்கள் முதல் தேர்வு. அது இயல்பிலேயே ஐடிஇ மொழி பேசும், அடாப்டர் வெறும் வயரிங். எஸ்டி அடாப்டரில் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு சிப் உண்டு, சில பயாஸ்களுக்கு அது ஒத்துவராது. கடையில் கணக்கு ஓடும் பெட்டிக்கு இண்டஸ்ட்ரியல் கிரேடு கார்டு வாங்குங்கள், கேமராவுக்கு விற்கும் கார்டு வேண்டாம்.

தெரியவில்லை என்றால்: அடாப்டரின் பவர் கனெக்டர் மாட்டியிருக்கிறதா, ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா, கேபிளில் வேறு டிரைவ் இருக்கிறதா. கார்டைத் தனியே விடுங்கள், சிடி டிரைவை இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

அளவு அடுத்த தடை. 486 காலத்துப் பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், அதாவது 504 எம்பிக்கு மேல் பார்க்காது. அடுத்த வேலிகள் 2.1 ஜிபி, 8.4 ஜிபி, 33.8 ஜிபி. கடைசியில் சொன்னதில் சில அவார்டு பயாஸ்கள் டிஸ்க் தேடும் இடத்திலேயே தொங்கிவிடும். டாஸ் பெட்டிக்கு 512 எம்பி அல்லது 2 ஜிபி கார்டு போதும், எஃப்ஏடி16 பார்ட்டிஷனே 2 ஜிபியைத் தாண்டாது. பெரிய கார்டு மட்டும்தான் கிடைத்தது என்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு ஈப்ராமில் எழுதி நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் தடை விலகும்.

தெரிகிறது, பூட் ஆகவில்லை என்றால் இரண்டில் ஒன்று. கார்டில் பூட் கோடு இல்லை: எஃப்டிஸ்கை எம்பிஆர் ஸ்விட்சோடு ஓட்டி, பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்குங்கள். அல்லது இமேஜ் எடுத்த பழைய டிஸ்கின் ஜியாமெட்ரியும் கார்டுக்குப் பயாஸ் போட்டுக்கொண்ட ஜியாமெட்ரியும் வேறு. ஆட்டோவை விட்டுவிட்டு, டைப் 47-ல் பழைய டிஸ்கின் மூன்று எண்களையே கொடுங்கள். பெரும்பாலான கார்டுகள் ஒத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தவிர்க்க, கார்டை அந்த மெஷினிலேயே எஃப்டிஸ்க், ஃபார்மேட் பண்ணி ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணுவது சுலபம். ஆனால் பழைய கணக்குப் பேக்கேஜ்கள் சில, டிஸ்கின் வால்யூம் சீரியல் நம்பரையோ மறைவான செக்டர் ஒன்றையோ பார்த்துத்தான் திறக்கும். அவற்றுக்கு முழு இமேஜ் மட்டுமே வழி.

விண்டோஸ் 98-ல் பாதி லோடாகித் தொங்கினால் டிஎம்ஏவை (பிராசசரைத் தொடாமல் டேட்டாவை நேரே மெமரிக்கு அனுப்பும் முறை) அணைத்துப் பாருங்கள். மலிவு அடாப்டர்களில் டிஎம்ஏ வயர்களே இழுக்கப்பட்டிருக்காது.

ஃப்ளாப்பி டிரைவுக்கு மாற்று கோடெக், பென்டிரைவை ஃப்ளாப்பி போலக் காட்டும் டிரைவ். ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் ஏற்றி, ஜம்பரை எஸ்1-ல் வைத்து, கேபிளின் முறுக்குக்கு அப்பாலுள்ள முனையில் மாட்டுங்கள். எல்இடி அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். சின்ன பவர் கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் 12 வோல்ட் ஏறி கோடெக் அங்கேயே முடிந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸே தேறவில்லை என்றால்

ஏடிஎக்ஸ் சப்ளையும் ஏடி மாற்று கேபிளும் போடலாம். வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். புது சப்ளைகளின் பலம் 12 வோல்ட்டில், பழைய போர்டுகளின் பசி 5 வோல்ட்டில். லேபிளில் 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் இருந்தால் 386, 486-க்குத் தாராளம். நான்கு கால் 12 வோல்ட் கனெக்டர் இல்லாத அத்லான் எக்ஸ்பி போர்டுக்கு 30 பாருங்கள்.

மைனஸ் 5 வோல்ட் 2003-க்குப் பிந்தைய சப்ளைகளில் கிடையாது. பெரும்பாலான போர்டுகளுக்குத் தேவைப்படாது, சில பழைய சவுண்டு கார்டு, டேட்டா கார்டுகளுக்குத் தேவை. 7905 ரெகுலேட்டர் ஒன்றை மைனஸ் 12-லிருந்து எடுத்துப் போடுங்கள்: முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் மைனஸ் 12 உள்ளே, மூன்றாம் கால் மைனஸ் 5 வெளியே. உள்ளே 2.2, வெளியே 1 மைக்ரோஃபாரட். 7805 பழக்கத்தில் அதன் முதுகைக் கேபினெட்டில் திருகிவிடாதீர்கள். 7905-ன் முதுகு நடுக்காலோடு சேர்ந்தது, அதாவது மைனஸ் 12 நேரே கேபினெட்டில் ஷார்ட். மைக்கா துண்டு வைத்துத் திருகுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல இடுப்பளவு தண்ணீர் ஏறிய பெட்டி என்றால், காய்ந்துவிட்டதே என்று ஸ்விட்ச் போடாதீர்கள். காய்ந்தது தண்ணீர்தான், உப்பும் சாக்கடைக் கசடும் உள்ளேயே இருக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டு போர்டைப் பேட்டரி தண்ணியில் இரண்டு மூன்று முறை அலசி, சாக்கெட்டில் உள்ள ஐசிகளைப் பிடுங்கித் துடைத்து, ஐசோப்ரொப்பைல் தடவி, மூன்று நாள் ஃபேன் காற்றில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடுங்கள், அதன் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் போன ஈரத்தை நம்ப முடியாது. டிஸ்கில் காற்றுத் துளை உண்டு, அது வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். டேட்டா முக்கியம் என்றால் பவர் கொடுக்காமல் ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து மூடி போடுவதற்கு முன், டைப் 47-ல் போட்ட மூன்று எண்கள், ஜம்பர் நிலை, கெபாசிட்டரும் பேட்டரியும் மாற்றிய மாதம் எல்லாவற்றையும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு சீட்டில் எழுதி, செல்லோ டேப்பால் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஜெல் பேனா மை இந்த ஊர் ஈரத்தில் ஊறிவிடும்.